மதுபனியின் மண்சுவர்கள்

மாக்கோலமிடும் நம் வீட்டுப் பெண்டிர்க்குப் பீகாரின் மதுபனி மாவட்டம் அயலிடம் அன்று. அங்கும் மிதிலைப் பெண்கள் அரைத்த அரிசிமாவால் தரையில் 'அரிபன்' வரைவர். மணமக்கள் அறையின் மண்சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் தீட்டுவர். தாய் மகளுக்குக் கற்பித்து வந்த இக்கலையை வெளியுலகம் நெடுங்காலம் அறிந்திலது.

1934 ஜனவரி 15-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் சுவர்கள் இடிந்தன. சேதத்தைப் பார்வையிடச் சென்ற ஆங்கில அதிகாரி வில்லியம் ஆர்ச்சர், இடிபாடுகளிடையே அவ்வோவியங்களைக் கண்டு வியந்தார். 1949-இல் 'மார்க்' இதழில் அவை பற்றி எழுதினார். பின்னர் 1966-67இல் கடும் வறட்சி வந்துற்றது. வருவாயிழந்த குடும்பங்களுக்கு உதவ, அகில இந்தியக் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியரைக் காகிதத்துடன் அனுப்பியது. சுவரோவியம் காகிதத்திற் குடியேறியது; அணைந்த அடுப்பும் எரிந்தது. ஜிதவார்பூர் ஜகதம்பா தேவியார் 1975-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

காகிதம் சோறிட்டது, ஆயினும், விலைக்குத் தீட்டப் பழகிய கை வீட்டுச் சுவரை மறந்துவிடலாகாதன்றோ? ஊர் விட்டு வந்து காலனியில் வாழும் நமக்கும் இவ்வினா உரியதே. கடையில் வாங்கிய ஒட்டுத்தாள் கோலம் நம் வாயிலை நிரப்பலாம். நம் மக்களின் விரல்களுக்கு எதனையும் கற்பிக்காது. நாளைக் காலை அவர்கள் கையில் மாக்கிண்ணத்தைக் கொடுப்போமாக.