மூன்றாவது பெடல்

தாராபுரத்தில் என் பெரியப்பா வீட்டு வாசலில் ஒரு அம்பாஸடர் நிற்கிறது. மார்க் 3. வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது, பார்க்கிறவர்கள் கண்ணுக்கு மோர் நிறம். திருப்பூருக்கு பனியன் மூட்டை ஏற்றிப் போனதும் அதுதான், பழனிக்கு ஒரே நடையில் பதினோரு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருத்தன். யார் மடியில் உட்கார்ந்தேன் என்பது மட்டும் ஞாபகமில்லை.

போன தை மாசம் போயிருந்தபோது பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து இடது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, பத்திரிகையில என்னென்னமோ எழுதறியே... இந்த வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர் போட முடியாதா? கிளட்சை மிதிச்சா உசுரே போகுது. விக்கறதுக்கும் மனசு வரமாட்டேங்குது!"

"விசாரிச்சுச் சொல்றேங்க பெரியப்பா" என்று கிளம்பி வந்தேன். விசாரிக்கப் போன இடத்தில்தான் ஒரு சரித்திரமே மாட்டியது.

முதலில் ஒரு விஷயம். கார் ஓட்டுவதில் கஷ்டமான வேலை ஸ்டீயரிங் பிடிப்பது அல்ல, கியர் மாற்றுவதுதான். அந்தக் காலத்து கார்களில் கியரை மாற்ற கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும். நேரம் தப்பினால் பல் சக்கரங்கள் 'கர்ர்ர்' என்று கத்தி ஊரைக் கூட்டிவிடும். 1928-ல் காடிலாக் காரில் 'சிங்க்ரோமெஷ்' என்ற ஏற்பாடு வந்தது. பல் சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று சேர்வதற்கு முன்னால் ரெண்டின் வேகத்தையும் சமமாக்கும் சமாதானத் தூதர் அது. அதைக் கண்டுபிடித்த ஏர்ல் தாம்ஸன் அதோடு நிற்கவில்லை. 'டிரைவர் ஏன் கியரை மாற்றணும்? வண்டியே மாற்றிக்கொண்டால் என்ன?' என்று கிளம்பினார். 1940-ம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் 'ஹைட்ராமேட்டிக்' வந்தது. கூடுதல் விலை வெறும் 57 டாலர். கிளட்ச் பெடலே கிடையாது!

அடுத்து இரண்டாம் உலகப் போர். ஸ்டூவர்ட் ரக டாங்குகளில் ரெண்டு காடிலாக் இன்ஜின்களையும் அவற்றுக்கு ஹைட்ராமேட்டிக்கையும் பொருத்தி அனுப்பினார்கள். போர்க்களத்தில் தாக்குப்பிடித்த கியர்பாக்ஸ் என்பதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் இடது காலுக்கு ஓய்வு கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சரி, நம்ம அம்பாஸடருக்கு வருவோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற கார்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில் அம்பாஸடர் ஆனது என்பது பலருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1956-ல் அந்த ஆக்ஸ்ஃபோர்டு அறிமுகமானபோது, விருப்பப்பட்டவர்களுக்கு 'மானுமேட்டிக்' என்ற வசதியோடும் கிடைத்தது. அதில் கிளட்ச் பெடல் இல்லை. கியர் லிவரில் கை வைத்து அசைத்தால் போதும், கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். ஆக, நம்ம அம்பாஸடரின் பெற்ற தாய், ரெண்டே பெடலோடு ஊர்வலம் போனவள்!

அந்த வசதி இங்கே வரவில்லை. ஏன்?

ஒரு காரணம், அங்கேயே அது பெரிதாக விலைபோகவில்லை. கூடுதல் விலை, கூடுதல் சிக்கல். இன்னொரு காரணம், நம்ம லைசென்ஸ் ராஜ்ஜியம். அந்நியச் செலாவணிக்குப் பஞ்சம். காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். வாசலில் க்யூ நிற்கும்போது எந்தக் கடைக்காரர் புதுப் பலகாரம் போடுவார்? நான் பி.காம் படித்தவன். போட்டி இல்லாத சந்தையில் வாடிக்கையாளரின் முழங்கால் வலி கணக்குப் புத்தகத்தில் ஏறாது என்று பாடப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் எனக்குப் புரிகிறது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். போட முடியுமா, முடியாதா?

அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது தீராத பட்டிமன்றம். ரெண்டே கியர் கொண்ட பவர்கிளைடு போதுமா? மூன்று கியர் டர்போ ஹைட்ராமேட்டிக் 350-ஆ, அதைவிட முரட்டுத்தனமான 400-ஆ? நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தாமல் ஓட, 1982-ல் வந்த நாலு கியர் 700ஆர்4-ஆ? அந்தக் கடைசி ஆசாமியிடம் ஒரு குணம் உண்டு. கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு கேபிளைச் சரியாக முறுக்கி வைக்காவிட்டால், சீக்கிரமே உள்ளே கருகிப்போகும். இன்ஜின் பலம், வண்டியின் எடை, பின் அச்சின் பல் கணக்கு, எங்கே ஓட்டப்போகிறோம் என்ற நாலையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும்.

நம்ம 1489 சி.சி. இன்ஜினின் பலம் ஐம்பது குதிரை சொச்சம். பெரிய வி8 இன்ஜின்களுக்குச் செய்த கியர்பாக்ஸை இதில் மாட்டுவது, வெள்ளாட்டின் மேல் யானை அம்பாரி வைக்கிற கதை. பொருத்தமான ஜோடி என்று பார்த்தால், போர்க்-வார்னர் 35. மூன்று கியர். அறுபதுகளில் வந்த அடுத்த தலைமுறை ஆக்ஸ்ஃபோர்டிலேயே, இதே குடும்பத்து இன்ஜினோடு அது வேலை செய்திருக்கிறது. ஆனால், பழைய பெட்டியை வெளிநாட்டில் தேடி வரவழைக்கணும். தரைத் தகட்டை வெட்டணும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை அளவு மாற்றணும். ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டரில் வழி செய்யணும். இத்தனையும் செய்தபின், எண்ணெய்க்குள் சுழலும் கன்வெர்ட்டர் இருக்கிற ஐம்பது குதிரையிலும் தன் பங்கைத் தின்னும். ரிப்பேர் என்றால் பார்க்க ஆள்?

அதோடு சட்டம் வேறு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை, ஆர்.சி. விவரங்களுக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐம்பது வயசு தாண்டிய வண்டிகளுக்கான 'விண்டேஜ்' பதிவு விதிகள் 2021-ல் வந்தன. அதற்கும் வண்டி பழைய உருவில் இருக்கணும். பெரியப்பா வண்டி ஐம்பதைத் தொடுகிற வயசு. அறுத்துப் போட்டு அந்த அந்தஸ்தைக் கெடுப்பானேன்?

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 2014 பிப்ரவரியில் மாருதி செலெரியோ வந்தது. சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு கருவி செய்துவிடும். ஏ.எம்.டி. என்று இன்று எல்லோருக்கும் பழகிவிட்டது. 1956-ன் மானுமேட்டிக் கிளட்சை மட்டும் பார்த்துக்கொண்டது, இது கியரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. அதே வருஷம் மே மாசம், உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தி நின்றது. தாய் வீட்டில் இருந்த வசதி வேறொரு கம்பெனியின் கையைப் பிடித்து வந்து சேர்ந்தபோது, மகள் கிளம்பிவிட்டாள்!

எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். "வண்டியை அப்படியே விட்டுடுங்க. கடைவீதிக்குப் போக சின்னதா ஒரு ஏ.எம்.டி. வாங்கிக்குங்க. அமாவாசைக்கு அமாவாசை இதை யாரையாவது வெச்சு எடுத்து ஓட்டலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பதினெட்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டிய டிரைவரைப் பற்றிச் சொன்னார். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லாத வண்டி அது. ஆனால், அவர் ஓட்டி ஒரு நாள்கூட 'கர்ர்' என்ற சத்தம் கேட்டதில்லையாம். பின் சீட்டில் தூங்குகிறவர்களுக்கு கியர் மாறுவதே தெரியாதாம். கடைசிக் காலத்தில் அவரும் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாராம்.

அதுதான் அந்த மூன்றாவது காரணம். பின் சீட்டில் இருந்த நமக்கு ஆட்டோமேட்டிக் தேவைப்படவே இல்லை. சம்பளம் குறைவான ஒரு மனிதர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலாளிகள் தாங்களே ஓட்ட ஆரம்பித்து, வலி தங்கள் முழங்காலுக்கு வந்த பிறகுதான் நாம் கியர்பாக்ஸைப் பற்றி யோசிக்கிறோம்.

"அவன் இருந்த வரைக்கும் இது ஆட்டோமேட்டிக் வண்டிதான் கண்ணு" என்றார் பெரியப்பா. "அவன் காலு எப்படி இருக்குதுன்னு நான் ஒரு நாளும் கேக்கலை."

தைல பாட்டிலை மூடி வைத்துவிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டார்.