புதுச்சேரியின் கிறிஸ்துமஸ் விருந்தும் மூன்றாம் நாள் ருசியும்

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் சில வீட்டு மாடிகளில் பிரெஞ்சுப் பேச்சு கேட்கத் தொடங்கும். பாரிசிலிருந்தும் ரெயூனியன் தீவிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஒரு வேளை கை நனைத்துவிட்டுப் போகிற விருந்தாளிகள் அல்ல இவர்கள். நோயேலுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தால் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழித்துத்தான் பெட்டி கட்டுவார்கள்.

இன்று போன் செய்தால் பிரியாணி வாசலுக்கு வருகிறது. என் சிறு வயதில் விறகடுப்பு, அம்மி, மண்சட்டி இவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டி எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட இல்லை. டிசம்பர் என்பதோ அடைமழை முடிந்தும் முடியாத மாதம். கடல் கொந்தளித்தால் கட்டுமரம் போகாது, மீன் வராது. பெரிய மார்க்கெட்டில் காய்கறி விலை ஏறி நிற்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு, பத்துப் பன்னிரண்டு நாள், பெண்கள் எப்படிச் சோறு போட்டார்கள்?

விடை சட்டியில் இருக்கிறது. அந்தச் சட்டிக்கு நானூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

எங்கள் கிறிஸ்துமஸ் சமையலுக்குத் தலைமைப் பதவி வகித்தது விந்தாய். பன்றிக்கறியைப் பூண்டும் காடியும் (வினிகரைத்தான் சொல்கிறேன்) சேர்த்து ஊறவைத்துச் சமைப்பது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இது பிரெஞ்சு வார்த்தை என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். அகராதியைப் புரட்டினால் வேர் போர்ச்சுக்கல்லில் இருக்கிறது. போர்ச்சுக்கீசிய மொழியில் 'வின்யோ' என்றால் திராட்சை மது, 'ஆல்யோ' என்றால் பூண்டு. இரண்டிலும் ஊறவைத்த கறிக்கு 'வின்யா தால்யோஸ்' கறி என்று பெயர். நீண்ட கடல் பயணம் போகிறவர்களுக்கு இறைச்சி கெடாமலிருக்க இந்த மாதிரி ஊறல் பெரிய உதவி. கோவாவுக்கு வந்தபோது திராட்சை மதுவுக்குப் பதிலாகத் தென்னங்கள்ளின் காடியை ஊற்றினார்கள், மிளகாயும் சேர்ந்துகொண்டது. வெள்ளைக்காரர் வாயில் அது 'விண்டாலூ' ஆயிற்று. 'ஆலூ' என்று முடிகிறதே, உருளைக்கிழங்கு போடவேண்டும் போலிருக்கிறது என்று பல ஓட்டல்காரர்கள் கிழங்கையும் போட்டுவிட்டார்கள். பெயரில் இருந்தது பூண்டு மட்டும்தான்.

புதுச்சேரிக்கு இது எப்படி வந்தது? மயிலாப்பூர் சாந்தோமில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுக்கீசியர் குடியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1672இல் சாந்தோமைப் பிடித்து 1674இல் இழந்தார்கள். அந்தக் காலத்தில்தான் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிலைநிறுத்தினார். போர்ச்சுக்கீசிய ரத்தமும் தமிழ் ரத்தமும் கலந்த குடும்பங்கள் இந்தக் கடற்கரை நெடுகிலும் இருந்தன. அவர்கள் அடுப்படி வார்த்தைகள் எங்கள் அடுப்படியிலும் தங்கிவிட்டன. கொத்துக்கறி வைத்து மடித்துப் பொரிக்கிற பஸ்தேல் என்ற பலகாரமும் அதே மொழிப் பெயர்தான்.

விந்தாயின் பயணம் இங்கே நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த இல் தெ பிரான்சு தீவுக்கு, அதாவது இன்றைய மொரீஷியசுக்கு, 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போனார்கள். அந்தத் தீவில் இன்றும் கடுகும் மஞ்சளும் காடியும் சேர்த்து மீனில் 'விந்தாய்' செய்கிறார்கள். போர்ச்சுக்கல்லைச் சேர்ந்த மதேரா தீவில் அந்தப் பழைய பூண்டுக் கறிதான் இன்றைக்கும் கிறிஸ்துமஸ் உணவு. அந்தத் தீவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் அதைத் தென் அமெரிக்காவின் கயானாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் கிறிஸ்துமஸ் காலையில் பூண்டுக் கறி உண்டு. உலகத்தின் நாலு மூலையிலும் ஒரே பண்டிகைக்கு ஒரே கறி. எல்லா இடத்திலும் அதற்கு ஒரே குணம்: முன்கூட்டியே செய்யலாம், நாள் ஆக ஆக ருசி கூடும்.

முன்கூட்டிச் செய்யவேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்றால், அதற்குக் கோவில் வழக்கமும் ஒரு காரணம். அந்தக் காலத் திருச்சபைச் சட்டப்படி டிசம்பர் 24 ஒருசந்தி நாள். சுத்தபோசனம், மாமிசம் கூடாது. நற்கருணை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கவேண்டிய காலமும் ஒன்று இருந்தது. 1953இல்தான் அதைத் தளர்த்தினார்கள். நடுராத்திரிப் பூசை முடிந்து சம்பா கோவிலிலிருந்து வீடு திரும்பும்போது மணி ஒன்றரை இருக்கும். எல்லோருக்கும் அகோரப் பசி. அந்த நேரத்துச் சாப்பாட்டுக்குப் பிரெஞ்சில் 'ரெவெய்யோன்' என்று பெயர். விழித்திருப்பது என்ற பொருளில் வந்த வார்த்தை. புதுப்புடவையோடு நிற்கிற பெண்கள் அந்த வேளையில் அடுப்பு மூட்ட முடியுமா? சட்டியில் தயாராக இருப்பதைச் சூடு காட்டி, ரொட்டியை அறுத்து வைத்தால் விருந்து முடிந்தது.

எங்கள் ஆயா இதையெல்லாம் சரித்திரமாகப் படித்தவரில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கு எந்தக் கருவூல அதிகாரியும் மெச்சத்தக்கது. கிறிஸ்துமஸ் சமையலை அவர் சித்திரை வெயிலிலேயே தொடங்கிவிடுவார். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள் கணக்கில் காயவைத்து வடகம் எடுத்து வைப்பார். டிசம்பரில் மீன் கிடைக்கிற நாளில் நாலு வடகத்தைத் தாளித்தால் குழம்புக்கு வேறு மசாலா அரைக்க வேண்டாம். எங்கள் பக்கம் இதை வடவம் என்றும் சொல்வார்கள். இந்த வடவம்தான் பிரெஞ்சுக்காரர் நாக்கில் 'வாதுவான்' ஆகி, இன்று ஐரோப்பியச் சமையல்காரர்கள் பெருமையாக விற்கிற மசாலாவாகிவிட்டது.

நவம்பர் முதல் வாரம் முந்திரியும் திராட்சையும் சர்க்கரையில் பாகு ஏற்றிய பழத்துண்டுகளும் ரம்மில் ஊற ஆரம்பிக்கும். அது விவிக்கம் கேக்குக்கு. மைதாவுக்குப் பதில் ரவையும், நிறைய முட்டையும் வெண்ணெயும் சேர்கிற கேக் அது. வீட்டில் அவன் கிடையாது. கலவையைத் தட்டில் ஊற்றி, அடையாளத்துக்கு ஒரு சீட்டு வைத்து, ரொட்டிக் கடைக்குத் தூக்கிப் போவோம். கடைக்காரர் ரொட்டி சுட்டு முடித்த பிறகு தணிந்த விறகுச் சூட்டில் அதைச் சுட்டுத் தருவார். சர்க்கரையும் ரம்மும் காக்கிற கேக் ஆகையால் ராஜாக்கள் திருநாள் வரை தாங்கும். அதிரசம், அச்சு முறுக்கு, கல்கல் எல்லாம் 20ஆம் தேதிக்குள் டின்னுக்குள் போய்விடும்.

22ஆம் தேதி விந்தாய். எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறேன். கொழுப்போடு கூடிய பன்றிக்கறி ஒரு கிலோவுக்குப் பெரிய பூண்டு இரண்டு முழுதாக, காய்ந்த மிளகாய் எட்டு, சீரகம் இரண்டு கரண்டி, கடுகு ஒரு கரண்டி, மஞ்சள் ஒரு துண்டு. இதையெல்லாம் தண்ணீர் படாமல் காடியிலேயே அரைத்து, உப்புச் சேர்த்துக் கறியில் பிசறி ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். காடி மொத்தம் ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். மறுநாள் மண்சட்டியில் சிறு தீயில், தண்ணீர் ஊற்றாமல், கறியின் கொழுப்பு மேலே மிதக்கிறவரை வேகவிடுவது. ஈயம் பூசாத பித்தளையிலோ அலுமினியத்திலோ செய்தால் புளிப்பு பாத்திரத்தைத் தின்னும். ஈரக் கரண்டி போட்டவர்களுக்கு ஆயாவிடம் மன்னிப்பே கிடையாது. தினம் ஒரு தரம் கொதிக்க வைத்து இறக்கவேண்டும். இன்று குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. அதிலேயே வையுங்கள், சாப்பிடுகிற அளவை மட்டும் நன்றாகச் சூடு பண்ணுங்கள். முதல் நாள் காடி மூக்கில் ஏறும். மூன்றாம் நாள்தான் அது ருசியாக மாறும்.

பிறகு நாளுக்கு நாள் கணக்கு எளிது. 25ஆம் தேதி பகல் ஒரு வேளை மட்டும் பெரிய சமையல்: நெய்ச்சோறும் கோழிக் குழம்பும். 26, 27 விந்தாயும் ரொட்டியும், பக்கத்தில் காடி தெளித்த வெங்காயமும் வெள்ளரியும். மீந்த கறியைக் கொத்தி பஸ்தேலுக்குள் வைப்பது 28இல். காய்ந்த ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்துச் சுட்டுக் காலைப் பலகாரம் ஆக்கிவிடலாம். அதற்குப் பிரெஞ்சில் 'பேன் பெர்த்யு', தொலைந்துபோன ரொட்டி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எந்த ரொட்டியும் தொலைந்ததில்லை. ரொட்டி கடையில் வாங்குவதால் மாவாட்டும் வேலை பாதியாயிற்று என்பதையும் சொல்லவேண்டும்.

இவ்வளவு முன்னேற்பாடும் எதற்காக என்பதை நான் 1966 டிசம்பரில்தான் கண்ணால் பார்த்தேன்.

புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1. ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது 1956 மே 28. அது சட்டப்படி அமலானது 1962 ஆகஸ்ட் 16. இந்த மண்ணில் பிறந்து இங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றிலிருந்து இந்தியர்கள். வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியப்பா பிரான்சைத் தேர்ந்தார். அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா இந்தியாவைத் தேர்ந்தார். இருவருக்கும் பேச்சு முறிந்தது. 1963இல் பெரியப்பா குடும்பத்தோடு கப்பலேறியபோது அப்பா வழியனுப்பப் போகவில்லை.

மூன்று வருஷம் கழித்து, ஆயாவைப் பார்க்க அவர்கள் ஏழு பேரும் வந்தார்கள். முதல் இரண்டு நாள் அப்பாவும் பெரியப்பாவும் மழையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். 26ஆம் தேதி ராத்திரி விந்தாய்ச் சட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவும் உட்கார்ந்துவிட்டார். பரிமாற வேறெதுவும் இல்லையே. அம்மாதான் பேச்சை எடுத்தார். "மச்சான், தம்பி கப்பலுக்கு வரலையேன்னு உங்களுக்கு வருத்தம் இருக்கும். அன்னைக்கு இவர் சோறு திங்கல. அதையும் தெரிஞ்சிக்குங்க."

பெரியப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பென்ஷன் காகிதத்தைப் பார்த்தேன்டா, உன் முகத்தைப் பார்க்கலை," என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சட்டியிலிருந்து இன்னும் ஒரு கரண்டி எடுத்து அண்ணன் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் விடியற்காலை மூன்று மணி வரை பேசினார்கள். நாங்கள் பிள்ளைகள் மேசையிலேயே தூங்கிப்போனோம்.

அம்மா அன்று அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். விருந்தாளி வந்த பிறகு சமைக்கிற வீட்டில் பெண்கள் விருந்தாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதுகுதான் அவர்களுக்குத் தெரியும். எளிய சமையல் என்றால் வேலை குறைந்த சமையல் என்று இன்று நினைக்கிறோம். ஆயாவும் அம்மாவும் பட்ட பாடு ஒன்றும் குறைவில்லை. சித்திரையிலிருந்து பட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டை எல்லாம் விருந்தாளி வருவதற்கு முன்னால் பட்டு முடித்துவிட்டார்கள். கடலோடி தன் பயணத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு, கடல் கடந்து வருகிற சொந்தத்துக்குச் சோறு போடப் பயன்பட்டது.

இந்த டிசம்பரில் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். விந்தாய் என்றால் நன்றாகப் புரியும். என் மனைவிக்கு முட்டி வலி. ஆகையால் பூண்டு உரிப்பது இந்த வருஷமும் என் இலாகா. பலகாரத்தில் பாதியைக் கடையில் சொல்லிவிட்டோம், அதில் குற்றமில்லை. விந்தாயை மட்டும் 22ஆம் தேதியே இறக்கி வைத்துவிடுவோம். உங்கள் வீட்டுக்கும் விருந்தாளிகள் வருவதாயிருந்தால் ஒரு சட்டியையாவது அப்படி இறக்கி வையுங்கள். அவர்கள் வருகிறபோது நீங்களும் கூட உட்காரலாம்.