சுரங்கத்திலிருந்து ஆழ்நீர்வரை: காபனோரொட்சைட்டுச் சோதனையின் வரலாறு

சுழியோடியின் உயிருக்கு நேரும் ஆபத்துக்கள் யாவும் நீருக்குள்ளேயே இருப்பன என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். சுறாவும் நீரோட்டமும் ஆழத்தின் அமுக்கமுமே நம் நினைவில் முதலில் எழுவன. ஆயின், அவன் நீரில் இறங்குமுன்னரே கரையில் தோன்றிவிடும் ஆபத்தொன்றும் உண்டு. சிலிண்டரில் அடைக்கப்படும் காற்றோடு கலந்துவிடும் காபனோரொட்சைட்டே அது. அதனைக் கண்டறியும் வழி எவ்வாறு தோன்றியது, அவ்வழி சுழியோடிகளை வந்தடைய ஏன் தாமதித்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, தென் பிரான்சிலுள்ள வோக்ளூஸ் ஊற்றின் மறைபொருளை அறியும் பொருட்டு, யாக் கூஸ்தோவும் பிரெடெரிக் தூமாவும் அதன் இருண்ட குகைக்குள் இறங்கினர். கூஸ்தோ 1943இல் எமில் கஞ்ஞானுடன் சேர்ந்து சுழியோடற் சுவாசக் கருவியை உருவாக்கியவர். அக்கருவியை அவரிலும் நன்கறிந்தோர் அந்நாளில் இலர் எனலாம். இருந்தும், ஆழத்தை அடைந்ததும் இருவரின் அறிவும் மயங்கியது. தாம் எதற்காக வந்தோம் என்பதே அவர்களுக்குத் தெளிவாகவில்லை. மேலே கயிற்றைப் பிடித்திருந்தோர் இழுத்தமையாலேயே இருவரும் உயிர் தப்பினர். அடுத்து இறங்கிய இருவரும் அவ்வாறே பாதிப்புற்றனர்.

ஆழத்தில் நைதரசன் உண்டாக்கும் மயக்கத்தை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். ஆனால், கடலில் அதேயளவு ஆழத்தில் கண்ட மயக்கம் இத்துணைக் கடுமையாக இருந்ததில்லை. எனவே எஞ்சிய சிலிண்டர்களின் காற்றைச் சோதித்தனர். அதில் ஈராயிரத்தில் ஒரு பங்கு காபனோரொட்சைட்டு இருந்தது. காரணம் மிக எளியது: அவர்களின் புதிய காற்றமுக்கி இயந்திரம், தான் வெளிவிட்ட புகையைத் தானே உள்ளிழுத்துக்கொண்டிருந்தது.

இவ்வாயுவின் இயல்பு அதற்கு நூறாண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்துக்கு முன்னரே தெரிந்திருந்தது. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு இணைந்து ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் கிளோட் பேர்னார் 1850களிலே விளக்கினார். ஈமோகுளோபின்மீது அதற்குள்ள நாட்டம் ஒட்சிசனின் நாட்டத்தினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்டது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் புலன்கள் அதற்கெதிராக எவ்விதத்திலும் உதவா.

புலன்கள் உதவாத இடத்திலே சோதனை வேண்டுமென்பதைத் தெளிவாக உணர்ந்தவர் பிரித்தானிய அறிஞர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன். அவர் இவ்வாயுவைத் தாமே சுவாசித்து, அதன் விளைவுகளை 1895இல் வெளியிட்டார். 1896 ஜனவரியில் தென் வேல்சின் டைலர்ஸ்டவுண் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வெடிப்பினாலன்றி, அதன்பின் பரவிய காபனோரொட்சைட்டினாலேயே இறந்தனர் என அவர் நிறுவினார். சிற்றுயிர்களின் உடலில் இந்நஞ்சு மனிதரைவிட விரைவாக வேலைசெய்யும் ஆதலால், அவற்றைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லுமாறு பரிந்துரைத்தார். இவ்வாறு சுரங்கத் தொழிலாளரின் துணையாகிய கனேரிப் பறவைகள், பிரித்தானியாவில் 1986இல் மின்னணுக் கருவிகளுக்கு இடங்கொடுக்க முடிவுசெய்யப்படும்வரை பணியாற்றின.

இதே ஹோல்டேனே இருவரோடு சேர்ந்து 1908இல் சுழியோடிகள் படிப்படியாக மேலெழுவதற்கான அட்டவணைகளையும் வெளியிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. சுரங்கமும் கடலும் ஒரே மனிதரின் ஆய்வறையில் சந்தித்தன. அவ்வாறிருக்க, சுரங்கத்தின் பாடம் வோக்ளூசில் ஏன் நினைவுக்கு வரவில்லை? ஹோல்டேன் ஆராய்ந்த சுழியோடிகளுக்குக் காற்றை அனுப்பியவை மனிதர் கையாற் சுழற்றிய பம்பிகள். அங்கு எரியும் எரிபொருளும் இல்லை, புகையும் இல்லை. அவர் தலைக்கவசத்தில் கண்ட குறை, சுழியோடி வெளிவிட்ட காபனீரொட்சைட்டு அங்கேயே தேங்கியதாகும். காற்றைச் சிலிண்டரில் பெரும் அமுக்கத்தில் அடைக்கும் தேவை எழுந்து, எந்திரப் பொறி கைப்பம்பியின் இடத்தைப் பிடித்தபோது, சுரங்கத்தின் நஞ்சு கடலோரத்துக்கு வந்தது. கருவி மாறியது, எச்சரிக்கை கூடவே வரவில்லை.

ஆழம் இவ்வாபத்தைப் பெருக்குகிறது. 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நான்கு வளிமண்டலமாதலால், மேற்பரப்பில் மில்லியனுக்கு 10 பங்காக அளக்கப்படும் காபனோரொட்சைட்டு அங்கே 40 பங்குக்கு ஒப்பாகும். வோக்ளூசின் 500 பங்கு ஏறக்குறைய 50 மீற்றர் ஆழத்திலே 3,000 பங்காயிற்று. ஆழத்தில் குருதித் திரவத்தில் கரையும் மிகையான ஒட்சிசன் இத்தீங்கை ஓரளவு மறைப்பதுமுண்டு. சுழியோடி மேலெழுகையில் அம்மறைப்பு நீங்குகிறது. தப்பிவிட்டதாக எண்ணும் வேளையிலேயே அவன் மயங்கக்கூடும்.

பாதுகாப்பு வழிகளும் வளர்ந்தன. முதலாம் உலகப் போர்க்கால ஆய்வுகளிற் பிறந்த ஹொப்கலைற் என்னும் கலவை, இவ்வாயுவைக் காபனீரொட்சைட்டாக மாற்றும். ஆயினும் ஈரம் பட்டால் அது செயலிழக்கும். நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்களும், அவற்றின்பின் மின்வேதியியல் உணரிகளும் வந்தன. சுவாசக் காற்றுக்கான ஐரோப்பிய நியமம், தான் அனுமதித்த எல்லையை 2014இல் மில்லியனுக்கு 15 பங்கிலிருந்து 5 பங்காகக் குறைத்தது.

நியமம் இருப்பது வேறு. சிலிண்டரில் உள்ள காற்று வேறு. ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரி, அது எடுக்கப்பட்ட நாளின் காற்றைப் பற்றியே சான்று கூறும். மறுநாள் காற்று திசை மாறலாம். உள்ளிழுகுழாயின் அருகே படகொன்றின் பொறி இயங்கலாம். அமுக்கியின் எண்ணெய் அளவுமீறிச் சூடாகி உள்ளேயே கருகலாம். ஊரைவிட்டுத் தொலைவில், பிறர் நிரப்பிய சிலிண்டரைத் தோளில் ஏற்றும் பயணிக்கு இவற்றுள் எதுவும் தெரியவராது. எனவே, கையடக்கக் கருவியால் ஒவ்வொரு சிலிண்டரையும் இறங்குமுன் சோதிப்பதே உறுதியான வழியாகும். அதற்குச் சில நிமிடங்களே தேவை.

நம் நாட்டுக் கடல்களிலும் சங்கும் கடலட்டையும் எடுக்கும் தொழிலாளர் சிலிண்டரோடு இறங்குகின்றனர். அதனை 'ஒட்சிசன் சிலிண்டர்' என மக்கள் அழைப்பதுண்டு. உண்மையில் அதிலிருப்பது, நிரப்பிய இடத்தில் அன்று இருந்த காற்றே. வோக்ளூசில் எவரும் கவனமற்றவர் அல்லர். காற்றை நம்பினர், அவ்வளவே. சுரங்கத் தொழிலாளன் கூண்டோடு கொண்டுசென்ற அந்தச் சிறு ஐயம் சுழியோடியின் கைக்கும் வரவேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குணர்த்தும் பாடமாகும்.