கோடு மாறினால் கணக்கும் மாறும்

நம்ம மாமல்லபுரம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் அதைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தபோது காஞ்சிபுரத்தில் சேர்ந்தோம். 2019 நவம்பர் 29 முதல் மறுபடி செங்கல்பட்டு. வீடு வாசல் அங்கேயேதான் இருக்கு. கணக்கு மட்டும் மாறிடுச்சு.

2011 மக்கள்தொகைக் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு சுமார் 40 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இப்போது செங்கல்பட்டில். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் 2017 எல்லைப்படிதான் நடந்தது. அதனால் இரத்தசோகை, பிரசவம், குழந்தை எடை எல்லாம் பழைய காஞ்சிபுரம் பெயரிலேயே வந்தது. தாம்பரமும் நம்ம மீனவர் குப்பமும் ஒரே சராசரியில். குப்பத்தில் குறை இருந்தாலும் அதில் தெரியாது.

மாவட்டத்தில் நோய் குறைஞ்சதுன்னு யாராவது சொன்னா, எந்த எல்லைக்கணக்கு என்று கேட்கணும். கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் ஊர்க்கணக்கு இருக்கு. அதை வருஷாவருஷம் கேட்டு, நம்ம குழுப் பதிவேட்டில் எழுதி வைப்போம், சகோதரிகளே.