பழைய கணினியும் கம்பியில்லாப் பூட்டும்

காலை நடையில் நம் வயதுக்காரர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது சார். இந்த வைஃபையில மட்டும் சேர மாட்டேங்குது. கடைக்காரப் பையன் புதுசு வாங்குங்கன்னு சொல்றான்." என் வீட்டு மாடியிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, 2004-ல் வாங்கியது. அதை வீட்டு வைஃபையில் சேர்க்க நானும் பேரனும் நான்கு நாள் மெனக்கெட்டோம். அந்த நான்கு நாளில் கணினியைத் தொட்ட நேரத்தைவிட, கம்பியில்லாத் தொடர்பின் வரலாற்றைப் படித்த நேரம்தான் அதிகம். பெட்டி ஏன் வெளியே நின்றது என்பதற்கு விடை அந்த வரலாற்றில்தான் இருந்தது.

அந்தப் பெட்டியை ஏன் விடாமல் வைத்திருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் விசைப்பலகை பிரெஞ்சுக்காரர்களின் அசெர்த்தி. ஆங்கிலப் பலகையில் கியூ இருக்கும் இடத்தில் இதில் ஏ இருக்கும். எண்களை அடிக்கத்தான் ஷிஃப்டை அழுத்த வேண்டும். உச்சரிப்புக் குறி போட்ட 'எ' வகைகள் நேராகவே விரலுக்கு வரும். பிரெஞ்சில் படித்து வளர்ந்த என் விரல்களுக்கு வேறு பலகை ஒத்துவருவதில்லை. எங்கள் தெருவில் சொல்தா வீட்டு அம்மாக்கள் சிலர் இருக்கிறார்கள். கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். இவர்களுக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை, தாம் உயிரோடிருப்பதற்கான சான்றிதழை அவர்கள் உரிய தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். தேதி தவறினால் பணம் நின்றுவிடும். மறுபடி வரவழைக்கக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதங்களை இருபது வருடமாக நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். யாருக்கு எந்த எண், எந்த அலுவலகம், போன வருடம் என்ன எழுதினோம் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

பிரிண்டர் கீழே ஹாலில். கடிதத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கி, அச்சடித்துப் பார்த்து, ஒரு பிழை இருந்தால் மறுபடி ஏறி. எழுபத்து நாலு வயது முழங்காலுக்கு இது கட்டுப்படியாகவில்லை. பெட்டியை வைஃபையில் சேர்த்தால் மேலிருந்தே அச்சடிக்கலாம். எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இனி வரலாறு. 'கம்பியில்லா' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பிரெஞ்சு வகுப்பில் ரேடியோவுக்கு நாங்கள் படித்த சொல் 'தே எஸ் எஃப்'. 'தெலெகிராஃபி சான் ஃபில்' என்பதன் சுருக்கம். கம்பியில்லாத் தந்தி என்று பொருள். 1890-ல் பாரிஸில் எதுவார் பிரான்லி என்ற பேராசிரியர், கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை அடைத்து, தூரத்தில் எழும் மின்பொறியை அது உணர்வதைக் காட்டினார். 1899-ல் மார்க்கோனி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிக் கம்பியில்லாச் செய்தி அனுப்பியபோது, பிரான்லிக்கு மரியாதை சொல்லி ஒரு செய்தி அனுப்பினார். நம் ஜகதீஷ் சந்திர போஸும் அதே 1890களில் கல்கத்தாவில் சுவருக்கு அப்பால் மணி அடிக்க வைத்தார். ஈஃபெல் கோபுரத்துக்கு முதலில் கொடுத்த உரிமை இருபது வருடத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு அதை இடிக்காமல் விட்டதற்கு முக்கியக் காரணம், உச்சியில் தே எஸ் எஃப் கம்பம் வைக்க முடிந்ததுதான்.

காற்றில் போவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால், அரசாங்கங்கள் ஆரம்பத்திலிருந்தே அலைகளின் மேல் கை வைத்தன. ரேடியோப் பெட்டிக்கு லைசென்ஸ் புத்தகம் வைத்து, வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டி முத்திரை வாங்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கேட்பதற்கே லைசென்ஸ் என்றால், பேசுவதற்குச் சொல்லவா வேண்டும்.

கணினிகள் காற்றில் பேசத் தொடங்கியது 1971-ல், ஹவாய்த் தீவுகளில். நார்மன் ஏபிராம்சன் என்ற பேராசிரியர் ஹவாய்க்குப் போனதற்குக் கடலலையில் பலகை வைத்துச் சறுக்கும் ஆசையும் ஒரு காரணம். நம் செரினிட்டி கடற்கரையில் பிள்ளைகள் செய்வார்களே, அதுதான். அங்கே பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஒரு தீவில். அதை உபயோகிக்க வேண்டியவர்கள் பல தீவுகளில். ஏபிராம்சனும் கூட்டாளிகளும் ரேடியோவை நாடினார்கள். அந்த வலைக்கு அலோஹா என்று பெயர்.

அலோஹாவின் விதியைக் கேட்டால் நம் அலுவலகக் கூட்டங்கள் ஞாபகம் வரும். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் செய்தி சிதையும். பதில் வராததை வைத்து அதைத் தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு கணக்கில்லாத நேரம் காத்திருந்து மறுபடி சொல்ல வேண்டும். இப்படிப் பேசினால், எவ்வளவு முயன்றாலும் அலைவரிசையின் நேரத்தில் சுமார் 18 சதவீதம்தான் பயன்படும் என்று ஏபிராம்சனே கணக்குப் போட்டார். வீணாகப் போவது அதிகம். ஆனாலும் நடுவில் யாரும் முறை வைத்துக் கூப்பிட வேண்டியதில்லை. இன்றைய வைஃபையும் அடிப்படையில் இந்தப் பழக்கத்தில்தான் ஓடுகிறது. பேசுவதற்கு முன் காதைக் கொடுத்துக் கேட்கும் நாகரிகம் மட்டும் சேர்ந்திருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. பின்னால் எங்கள் மாடிக்கு இதுதான் உதவியது. அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞர் ஏபிராம்சனின் கட்டுரையைப் படித்தார். அலோஹாவின் முறையைக் காற்றில் செய்யாமல் ஒரு கம்பிக்குள் செய்தால் என்ன என்று யோசித்தார். 1973 மே மாதம், ஜெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஈதர்நெட் என்று பெயர் வைத்தார். ஒளி பரவுவதற்கு எங்கும் ஈதர் என்ற ஒன்று நிறைந்திருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பினார்களே, அந்த ஈதர்தான். கணினியின் முதுகில் டெலிபோன் பிளக்கைவிடக் கொஞ்சம் அகலமாக, எட்டுக் கம்பி போகும் ஓட்டை ஒன்று இருக்கும். அது ஈதர்நெட். அதாவது, கம்பியில்லா வலைக்குப் பிறந்த கம்பிப் பிள்ளை.

காற்றுப் பக்கத்தில் அடுத்த பெரிய நாள் 1985 மே 9. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைப் பட்டைகளை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கத் திறந்துவிட்டது. தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கியிருந்த இடங்கள் அவை. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. ஏற்கெனவே இரைச்சல் நிறைந்த புறம்போக்கு நிலம் என்பதால் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. அந்தப் புறம்போக்கில் முதலில் கொட்டகை போட்டவர்களில், கடைகளுக்குப் பணப்பெட்டி இயந்திரம் செய்யும் என்சிஆர் நிறுவனம் முக்கியமானது. கடையில் மேசைகளை இடம் மாற்றும்போதெல்லாம் தரையைத் தோண்டிக் கம்பி போட வேண்டாமே என்பது அவர்கள் கவலை. அந்த நிறுவனத்தின் நெதர்லாந்துப் பிரிவில் இருந்த விக் ஹேய்ஸ் 1990 முதல் பொது விதிக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். விதி வெளிவர 1997 ஆனது. ஏழு வருடம்! கோப்பு நகர்வது நம் ஊரில் மட்டும் மெதுவல்ல. வைஃபை என்ற பெயர் 1999-ல் ஒரு விளம்பர நிறுவனம் வைத்தது. அதற்கு விரிவு எதுவும் கிடையாது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற விதி வந்தது 2005 ஜனவரியில். என் கணினி வீட்டுக்கு வந்த பிறகு!

இப்போது பூட்டுக்கு வருகிறேன். முதல் வைஃபைப் பூட்டின் பெயர் வெப். அந்த மூன்றெழுத்தின் விரிவைத் தமிழில் சொன்னால் 'கம்பிக்குச் சமமான அந்தரங்கம்'. கம்பியில் போவது வீட்டுச் சுவருக்குள் இருக்கும். காற்றில் போவது தெருவுக்கும் கேட்கும். ஆகவே கம்பி அளவுக்காவது மறைவு வேண்டும் என்ற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது. எண்ணம் நல்லது, பூட்டு மோசம். அந்தக் காலத்தில் பலமான மறைகுறியீட்டை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு இருந்ததால், சாவியை 40 பிட் அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். அதைவிடப் பெரிய குறை, பூட்டைச் செய்த விதத்திலேயே இருந்தது. 2001-ல் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் என்ற மூவர் அதைத் திறக்கும் வழியை எழுதினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகர ஆய்வாளர்கள், நீளமான சாவி போட்ட வெப் பூட்டையும் ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள்.

இதற்கு மாற்றாக 2003-ல் வந்தது டபிள்யூபிஏ. எனக்குப் பிடித்த பூட்டு இது. பலமானது என்பதற்காக அல்ல. மக்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட பழைய கருவிகளைத் தூக்கி எறிய வைக்காமல், மென்பொருளை மட்டும் புதுப்பித்து ஓட்டும்படி அதைச் செய்திருந்தார்கள். பழசையும் மதித்த ஒரு இடைக்கால ஏற்பாடு. ஆனால் அடுத்த வருடமே, 2004-ல், டபிள்யூபிஏ2 வந்தது. அதன் கணக்கு கனமானது; அதைச் செய்யப் பல பழைய கருவிகளுக்குத் திராணி இல்லை. 2006 மார்ச் முதல், வைஃபை முத்திரை வேண்டும் கருவி எதுவானாலும் அதில் டபிள்யூபிஏ2 இருந்தாக வேண்டும் என்றார்கள். 2018-ல் டபிள்யூபிஏ3 அறிவிப்பானது.

என் விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் பிறந்தது. என் பெட்டியில் இருந்த அதன் இரண்டாம் திருத்தம் 2004 ஆகஸ்டில் வந்தது. டபிள்யூபிஏ2 அதில் இல்லை. 2008-ல் வந்த மூன்றாம் திருத்தத்தில்தான் அதை உள்ளே வைத்தார்கள். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பொதுவான ஆதரவும் முடிந்தது.

இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், எங்கள் நான்கு நாள் கதை சீக்கிரம் முடிந்துவிடும். முதல் நாள், கடிதங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்தோம். பழைய பெட்டியில் கை வைக்கிற யாரும் முதலில் இதைச் செய்யுங்கள். இரண்டாம் நாள், யுஎஸ்பியில் செருகும் புதிய வைஃபைக் குச்சி ஒன்று வாங்கினோம். அதோடு வந்த மென்பொருளுக்கு எக்ஸ்பி என்றால் யாரென்றே தெரியவில்லை. மூன்றாம் நாள், நண்பர் ஒருவர் மேசை அறையிலிருந்து பழைய குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது வேலை செய்தது. எங்கள் வைஃபையின் பெயர் திரையில் தெரிந்தது. புதிய ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் பரப்பும் இன்னொரு பெயர் மட்டும் தெரியவில்லை. அந்தக் குச்சிக்கு அந்தக் காது கிடையாது. பூட்டு வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தால் வெப் இருந்தது, டபிள்யூபிஏ இருந்தது. அதோடு பட்டியல் முடிந்துவிட்டது.

"தாத்தா, ரூட்டர்ல பூட்டைப் பழசா மாத்திட்டா இது சேர்ந்துடும்" என்றான் பேரன். உண்மைதான், சேர்ந்துவிடும். ஆனால் அதே வலையில்தான் என் மருமகள் வங்கிக் கணக்குப் பார்க்கிறாள். ஒரு கிழவன் உள்ளே வருவதற்காக வீட்டுக் கதவின் பூட்டையே கழற்றுவதா? வேண்டாம் என்றேன். மூன்றாம் திருத்தத்தைத் தேடிப் போடலாம் என்றும் யோசித்தோம். நிரம்பி வழியும் அந்த வட்டில் இனி எதையும் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

நான்காம் நாள் மெட்காஃபின் கம்பி கைகொடுத்தது. அலமாரியில் சில வருடங்களுக்கு முன் வாங்கிய சின்ன ரூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதன் அமைப்பில் 'கிளையன்ட்' என்று ஒரு வகை உண்டு. அப்படி வைத்தால் அது வைஃபையைப் பரப்பாது. கீழே உள்ள ரூட்டரோடு தானே போய்ச் சேர்ந்து, கிடைப்பதை ஈதர்நெட் ஓட்டை வழியாகக் கொடுக்கும். டபிள்யூபிஏ2 பூட்டைத் திறக்கும் வேலை அதனுடையது. கணினியின் முதுகுக்கும் அதற்கும் நடுவே இரண்டு முழ நீளக் கம்பி. எட்டுக் கம்பி ஈதர்நெட் இணைப்புக்கு விதி வந்தது 1990-ல். அன்றிலிருந்து வேகம் எத்தனையோ மடங்கு கூடியும் ஓட்டை மாறவில்லை. புதியதும் பழையதும் செருகியவுடன் வேகத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அந்தக் கம்பி வீட்டுச் சுவரைத் தாண்டிப் போவதில்லை. அதில் பூட்டு மாற்ற யாருக்கும் அவசரம் வரவில்லை. செருகிய அரை நிமிடத்தில் மூலையில் இரண்டு சின்னத் திரைகள் மினுக்கின. தான் வைஃபையில் இருப்பது பெட்டிக்கு இன்றுவரை தெரியாது.

பேரன் இன்னொன்றும் செய்தான். கணினிக்கு முகவரி எண்ணைக் கையால் கொடுத்து, வெளியே போகும் வாசல் எண்ணை மட்டும் காலியாக விட்டான். பாதுகாப்புத் திருத்தம் நின்று பத்து வருடத்துக்கு மேலான பெட்டி இணையத்துக்குள் போகக் கூடாது, வீட்டுக்குள் பிரிண்டரோடு மட்டும் பேசினால் போதும் என்றான். எனக்கும் அதுதான் வேண்டும். செய்தி படிக்கக் கைபேசி இருக்கிறது. எக்ஸ்பிக்கான பிரிண்டர் மென்பொருளை அதன் நிறுவனம் இன்னும் வைத்திருந்தது. அதைப் பேரன் தன் மடிக்கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தான்.

அன்று மாலை மாடியிலிருந்து முதலில் அச்சடித்தது, தெருக்கோடி அம்மாளின் சான்றிதழோடு போக வேண்டிய கடிதம். கீழேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "மாமா, ரெண்டு பக்கம் வந்திருக்கு. உங்க லெட்டர்தானே?"