மரையும் துருவும்: சேர்வராயன் மலையில் இரும்புக் குழாயின் வரலாறு

ஏற்காட்டில் குழாய்வழி நீர் பரவியதற்கு முதற்காரணம் குடிநீர்த் தேவையைவிடக் காப்பிப் பழத்தைக் கழுவும் தேவையே என்று கருதுவதே பொருத்தம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் விரிந்துகிடக்கும் சேர்வராயன் மலைமேட்டில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தார் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தம் மரபுக்கதைகளில் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள். சுனையும் ஓடையும் உள்ள இடம் பார்த்தே ஊர் அமைந்ததால், நீரை வீட்டுக்குக் கொண்டுவருவது அவர்களிடையே குடம் சுமக்கும் அன்றாட வேலையாக இருந்ததேயன்றி, அதற்கென ஒரு கைத்தொழில் தோன்ற வேண்டிய நிலை எழவில்லை. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்த, அதைத் தொடர்ந்து ஐரோப்பியர் தோட்டங்களும் பங்களாக்களும் பெருகியபோதுதான் நிலை மாறியது.

அராபிக்கா காப்பியை ஈரமுறையில் பதப்படுத்துவதற்கு நீர் மிகுதியாக வேண்டும். பறித்த பழத்தை அன்றே பல்ப்பர் எனப்படும் இயந்திரத்தில் இட்டுத் தோலையும் சதையையும் நீக்கி, வழுவழுப்பு அகலும் வரை ஒன்றரை நாள் அளவுக்குத் தொட்டியில் புளிக்கவைத்து, பின்னர் பலமுறை அலச வேண்டும். ஆனால் பழம் திரண்டு வருவதோ மழை ஓய்ந்து ஓடைகள் மெலியத் தொடங்கும் கார்த்திகை முதல் தை வரையான மாதங்களில். ஆகவே மேட்டில் நீரைத் தேக்கி, பள்ளத்தில் பல்ப்பர் கொட்டகையைக் கட்டி, இரண்டுக்கும் இடையே குழாயைப் போடுவது மலைத் தோட்டங்களுக்கு இயல்பான ஏற்பாடாயிற்று. மலைச்சரிவே இங்கே பம்பு. நீர் பத்து மீட்டர் இறங்கும்தோறும் குழாயின் உள்ளழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு கூடும் என்பதால், அறுபது மீட்டர் சரிவின் அடியில் இருக்கும் இணைப்பு ஆறு மடங்கு அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். அழுத்தத்தைத் தணிக்க நடுவழியில் இடைத்தொட்டி கட்டாதவர்கள் கசிவோடு போராட நேர்ந்ததில் வியப்பில்லை.

இந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுத்தது அக்காலத்தில் பெரும்பாலும் இரும்புக் குழாயே. அதன் பிறப்பு இங்கிலாந்தில் விளக்குக்கான எரிவாயுவோடு தொடர்புடையது: தொடக்கத்தில் எரிவாயுவைக் கொண்டுசெல்லப் பழைய துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று பொருத்தியதும், 1825இல் கார்னீலியஸ் வைட்ஹவுஸ் என்பவர் தகட்டை உலையில் பழுக்கக் காய்ச்சி ஒரே இழுப்பில் குழாயாக ஒட்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும் தொழில்நுட்ப வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. 1837இல் பிரெஞ்சுக்காரரான ஸ்டானிஸ்லாஸ் சோரெல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சிடும் முறையைக் கண்டார். இன்று தமிழ்நாட்டின் எந்த இரும்புக் கடையிலும் ஜிஐ பைப் என்று கேட்டு வாங்கப்படுவது இப்பூச்சு பெற்ற குழாயே. 1841இல் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு, அதாவது திருகுப் புரிகளுக்கு, 55 பாகைக் கோணத்தை அளவுகோலாக முன்வைத்தார். அதன் வழிவந்த பிரிட்டிஷ் குழாய் மரையே இந்தியாவிலும் நிலைபெற்றது. அரை அங்குலக் குழாய் என்று விற்கப்படுவதன் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டருக்கு மேலும், உள்விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டரும் இருக்க, அரை அங்குலமாகிய 12.7 மில்லிமீட்டர் அதில் எங்குமே காணப்படாததற்கும் காரணம் பழைய தடித்த குழலின் துளையளவு பெயரளவில் நீடித்துவருவதுதான்.

இதில் ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. சேலத்துக்கு அருகே நிற்கும் கஞ்சமலை காந்த இரும்புத் தாதுவுக்குப் பேர்போனது. அத்தாதுவை நம்பியே ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலையைத் தொடங்கினார். மரக்கரியை எரித்தே உலை நடந்ததால் காடுகள் அழிந்தும், கரியின் விலை ஏறியும், கடன் சுமந்தும் அம்முயற்சி 1860களில் முடிந்துபோயிற்று. அதன் விளைவாக, இரும்பு மலையின் அண்டையிலேயே இருந்த ஏற்காட்டுத் தோட்டங்களுக்குக் குழாய் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம் வழியாக இருப்புப்பாதை அமைந்ததால் சேலத்தின் சூரமங்கலம் நிலையம் வரை சுமை எளிதாயிற்று என்றாலும், இன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மோட்டார்ச் சாலை உருவாகும் முன், அடிவாரத்துக்கு மேல் ஆளும் பொதிமாடுமே கதி. வளைந்தேறும் காட்டுப்பாதையில் நீண்ட குழாயைத் திருப்புவது கடினம். குட்டையான துண்டுகளே வசதி. துண்டு குட்டையானால் இணைப்புகள் மிகும். இணைப்பு மிக்க இடத்தில் பழுதும் மிகும்.

பழுதின் வேர் மலையின் பாறையிலும் இருக்கிறது. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருநிறக் கடும்பாறையால் ஆனது. கொல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் பல்லாவரத்துக் கல்லை ஆராய்ந்து 1893இல் இப்பெயரை இட்டவர் தாமஸ் ஹாலண்ட். இப்பாறையிலும், இதன்மேல் தொப்பிபோல் படிந்துள்ள பாக்சைட் கலந்த செம்பூரான் கல்லிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாதலால், இவற்றின் மீது ஓடிவரும் நீர் மென்னீராக இருக்கிறது. இலைமக்கு நிறைந்த சோலை மண்ணில் ஊறும்போது கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே அமிலத்தன்மையும் பெறுகிறது. சமவெளியின் கடினநீர் குழாயின் உட்புறத்தில் உப்புப் படலத்தைப் படியவைத்து வழியைக் குறுக்கும், ஆயினும் அப்படலமே இரும்புக்கு ஓரளவு கவசமும் ஆகும். மலைநீருக்கு அந்தக் குணம் இல்லை. அது துத்தநாகப் பூச்சை மெல்லக் கரைத்து இரும்பைத் தொட்டுவிடுகிறது.

அவ்வாறு தொடும் இடம் பெரும்பாலும் மரையே. நடுத்தர வகை அரை அங்குலக் குழாயின் சுவர் 2.6 மில்லிமீட்டர் தடிப்புடையது. அதில் அங்குலத்துக்கு 14 புரி வீதம் மரை வெட்டும்போது 1.16 மில்லிமீட்டர் ஆழத்துக்கு உலோகம் செதுக்கப்படுவதால், பூச்சு முழுவதும் போவதோடு சுவரின் ஏறக்குறைய பாதியும் போய்விடுகிறது. மேலும் குழாயின் மரை 16க்கு 1 என்ற விகிதத்தில் சரிந்து ஆப்பு வடிவில் அமைவது. இறுக்க இறுக்க நெரிந்து நீரைத் தடுப்பதே அதன் நோக்கம். இரும்பு துருவாகும்போது கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. இடுக்கில் இவ்வாறு பருத்த துருவும், கசிவைத் தடுக்கச் சணல் நாரோடு சேர்த்துப் பூசிக் காலப்போக்கில் கல்லாய் இறுகிய வெள்ளை ஈயப் பசையும் கூடி, இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுகின்றன. பித்தளைக் குழாய்முனையை சாக்கெட் எனப்படும் இரும்பு இணைப்புறையில் திருகியிருந்தால், இரு உலோகங்களுக்கிடையே எழும் மின்வேதி அரிப்பு இதை இன்னும் விரைவுபடுத்தும்.

பிடித்துக்கொண்ட மரையைக் கழற்றுவது வலிமையைவிட வரிசை அறிந்து செய்ய வேண்டிய வேலை என்பது இத்தொழிலில் நெடுநாள் பழகியவர்கள் அனைவரும் ஒப்பும் செய்தி. முதலில் இணைப்பின் விளிம்பில் கம்பித் தூரிகையால் துருவை அகற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுவர். மறுநாள் சாக்கெட்டின் ஒரு பக்கத்தில் கனத்த சுத்தியலை அண்டக்கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் சிறு சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டுவர். அந்த அதிர்வில் துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழி பிறக்கும். அதன்பின் இரண்டு பைப் ரெஞ்ச் வேண்டும். 1869இல் அமெரிக்கரான டேனியல் ஸ்டில்சன் வடிவமைத்த இக்கருவியின் தாடை, கைப்பிடியை அழுத்தும் அளவுக்குக் குழாயைக் கூடுதலாகக் கவ்வும் தன்மையது. ஒன்று திருப்புவதற்கு, மற்றொன்று எதிர்முனையை அசையாது பிடிப்பதற்கு. இந்த இரண்டாவது ரெஞ்ச் இல்லாமல் பலத்தைக் காட்டுபவர், சுவருக்குள் இருக்கும் நல்ல இணைப்பொன்றைத் திருகி உடைத்துவிட்டு, ஒரு வேலையை இரண்டாக்கிக்கொள்கிறார். கழற்றும் திசையில் முயலுமுன் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அசைத்துப் பார்ப்பதும் உண்டு; எத்திசையிலேனும் ஒட்டு ஒருமுறை விட்டுவிட்டால் மீதி எளிது.

இதற்கும் மசியாத மரைக்கு நெருப்பே அடுத்த வழி. புளோ லாம்ப் எனப்படும் ஊதுவிளக்கால் சாக்கெட்டை மட்டும் விரைவாகச் சுடவைத்தால், உள்ளிருக்கும் குழாய் சூடேறுமுன் வெளிவளையம் விரிந்து பிடி தளரும். பழைய பசையும் எரிந்து உதிரும். சூடான துத்தநாகத்தின் புகையும் ஈயப் பசையின் புகையும் நஞ்சாதலால் இதைத் திறந்த வெளியில் செய்வதே முறை. மரச்சட்டமும் மரத்தளமும் மிகுந்த பழைய பங்களாக்களுக்குள் அறவே கூடாது. குழாய் உடைந்து அதன் மரைத்துண்டு சாக்கெட்டுக்குள் தங்கிவிட்டால், ஆக்சா பிளேடைத் துணியில் சுற்றிக் கையால் பிடித்து, துண்டின் உட்சுவரில் நெடுக இரண்டு வெட்டுகள் போட்டு, சாக்கெட்டின் மரையைத் தொடுமுன் நிறுத்தி, சிறு உளியால் அந்தப் பட்டையை உள்நோக்கி மடித்து எடுப்பர். பொறுமையை இவ்வளவு சோதிக்கும் வேலை வீட்டுப் பழுதுகளில் வேறு இல்லை எனலாம்.

துண்டை எடுத்த பின்னும் ஒரு சிக்கல் மீதமிருக்கும். இருமுனையும் நிலையாக இருக்கும் வரிசையின் நடுவே புதிய குழாயைத் திருகிச் செருக முடியாது. ஒரு முனையில் இறுகும்போது மறுமுனையில் கழலும். மூன்று பகுதிகளாகப் பிரிந்து நடுவளையத்தால் மூடும் யூனியன் என்னும் இணைப்பு இதற்கென்றே தோன்றியது. பிட்டர் எனப்படும் குழாய்த் தொழிலாளருள் தொலைநோக்குடைய ஒருவர் குழாய் போட்டிருக்கிறாரா என்பதை வால்வுக்கு அருகிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் யூனியன் வைத்திருப்பதைக் கொண்டு அறியலாம். சிக்கனம் கருதி அதை விட்டவர்களின் கணக்கைப் பேரர்கள் தீர்க்க வேண்டியதாயிற்று.

ஏற்காட்டில் நீரின் தேவை தோட்டங்களோடு நிற்கவில்லை. 1894இல் திருஇருதய மகளிர் பள்ளியும் 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் விடுதிகளோடு தோன்றியபின், குளியலறை, சமையற்கட்டு, துணி வெளுக்கும் துறை என்று குழாய் கிளைகிளையாகப் பிரிய வேண்டியிருந்தது. இந்தியாவின் பெருநகரங்களில் குழாய்ப் பணி ஒடிசாவின் கேந்திரபாரா வட்டாரத்தாரின் குலத்தொழில்போல ஆகி, அங்குள்ள பட்டாமுண்டையில் அதற்கெனப் பயிற்சி நிலையமே இயங்குகிறது. மலையூர்களுக்கு அப்படியொரு தொழிற்குலம் வாய்க்கவில்லை. கீழே இருக்கும் பிட்டரை வரவழைப்பது ஒரு நாள் வேலையாக இருந்த காலத்தில், கசியும் குழாயில் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகச் சுற்றுவதும், பழைய செருப்பின் ரப்பரை வட்டமாக வெட்டி வாஷர் ஆக்குவதும் கைவசமிருந்த மருத்துவம். வீட்டாரே செய்துகொள்ளும் பழுதுபார்ப்புக்குத் தொலைவைவிடச் சிறந்த ஆசான் இல்லை. பின்னாளில் பெருகிய கோடைகால வீடுகள் வேறொரு தொல்லையைக் கொணர்ந்தன. ஆண்டில் பல மாதம் பூட்டிக்கிடக்கும் வீட்டின் குழாயில் நீர் பாதி, காற்று பாதியாகத் தேங்கி நிற்பதே துரு பிடிப்பதற்கு மிகவும் ஏற்ற நிலை.

இரும்பின் இடத்தைப் பிடித்த பொருளோ அண்டையிலிருந்தே வந்தது. 1967இல் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் நிறுவனம் பி.வி.சி. உற்பத்தியைத் தொடங்கிய பின், துருவும் மென்னீரும் ஒன்றும் செய்ய முடியாத, ஒரே ஆள் தோளில் சுமக்கக்கூடிய குழாய் சேலம் கடைவீதிக்குக் கிடைத்தது. 1975இல் வந்த சின்டெக்ஸ் கறுப்புத் தொட்டி மாடியில் ஏறியது. ஆயினும் ஏற்காட்டில் இரும்பு எளிதில் விலகவில்லை. குளிர்ப்பகுதியின் வீடுகளுக்கு வெந்நீர் இன்றியமையாதது, சாதாரண பி.வி.சி. வெந்நீரில் இளகிவிடும், திறந்த சரிவில் வெயில் பட்டால் நொய்ந்து வெடிக்கும். வெப்பம் தாங்கும் சி.பி.வி.சி. குழாய் 1990களின் இறுதியில் இந்தியச் சந்தைக்கு வந்த பின்னரே வெந்நீர்க் குழாயிலும் இரும்பு பின்வாங்கியது.

இந்த மாற்றத்தால் கசிவு குறைந்தது என்பதில் ஐயமில்லை. பழுதுபார்ப்பின் இயல்பும் மாறிற்று என்பது குறைவாகவே பேசப்படுகிறது. சொல்யூஷன் தடவி ஒட்டிய இணைப்பைக் கழற்ற வழியில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதே முறை. வேலை நிமிடங்களில் முடிகிறது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் திறந்து பார்த்து, காரணம் அறிந்து, அதே பொருளை மீண்டும் பூட்டும் கலை அதற்குத் தேவைப்படுவதில்லை. பழைய பங்களாவை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் சுவரை இடித்துக் குழாயை மொத்தமாக மாற்றும்படி ஒப்பந்தக்காரர் சொல்வதை உடனே ஏற்பதற்கு முன், வரிசையில் யூனியன் எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும், இரண்டு ரெஞ்சோடு வருகிற ஒரு முதிய பிட்டரைத் தேடிப் பிடிப்பதும் நல்லது. பல வீடுகளில் துருவேறியிருப்பது மரைகள் மட்டுமே, இடைப்பட்ட குழாய்க்கு இன்னும் ஆயுள் இருக்கக்கூடும்.