லேக்கர்ஸ் அணியின் மைய ஆட்டக்காரர்கள்: யாருக்கு எந்த இடம்?



ஆண்டிறுதியில் மாணவர்களை வரிசைப்படுத்துவது ஆசிரியர்களுக்குப் புதிய பணியன்று. புள்ளிகளைக் கூட்டினால் வரிசை தானே அமைந்துவிடும். ஆனால், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வினாத்தாளுக்கு விடை எழுதியவர்களை ஒரே வரிசையில் நிறுத்தச் சொன்னால் என் செய்வது? அமெரிக்கக் கூடைப்பந்து வரலாற்றில் அத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் மைய ஆட்டக்காரர்களுள் யார் யாருக்கு எந்த இடம் என்பதே அது.

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐவர் களமிறங்குவர். அவர்களுள் மைய ஆட்டக்காரர் பெரும்பாலும் மிக உயரமானவர். வளையத்தருகே நின்று புள்ளி சேர்ப்பதும், எதிரணியினர் எறியும் பந்தைத் தடுப்பதும், வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவதும் அவர்தம் கடமைகள். லேக்கர்ஸ் அணியின் பெருமை பெரும்பாலும் இத்தகையோரைச் சுற்றியே எழுந்தது.

நான் கொண்ட அளவுகோல்கள் மூன்று. லேக்கர்ஸ் சீருடையில் ஆற்றியது மட்டுமே கணக்கு, இது முதலாவது. அவரைக் கொண்டு அணி வென்ற பட்டங்கள் எத்தனை என்பது இரண்டாவது. அவரால் அந்த ஆட்டமே எவ்வளவு மாறியது என்பது மூன்றாவது.

முதலிடத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அது கரீம் அப்துல்-ஜப்பாருக்கே உரியது. 1975-இல் மில்வாக்கி அணியிலிருந்து வந்த அவர், 1989 வரை 14 பருவங்கள் லேக்கர்ஸ் அணிக்கு ஆடினார். 1980, 1982, 1985, 1987, 1988 என ஐந்து பட்டங்கள் கிட்டின. இவ்வணிக்காக மட்டும் அவர் சேர்த்த புள்ளிகள் 24,176. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் கையைத் தலைக்குமேல் வளைத்து அவர் எறியும் 'ஸ்கை ஹுக்' எறிதலைத் தடுப்பது எவர்க்கும் அரிதாயிருந்தது. 1985 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் போஸ்டன் செல்டிக்ஸ் அணியிடம் லேக்கர்ஸ் 148-114 எனத் தோற்றபோது, 38 வயதான அவருடைய காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். அடுத்த ஆட்டத்திலேயே அவர் 30 புள்ளிகள் எடுத்தார். தெறித்த பந்துகள் 17-ஐக் கைப்பற்றினார். அதற்குமுன் எட்டு இறுதிச் சுற்றுகளில் செல்டிக்ஸ் அணியிடம் தோற்றிருந்த லேக்கர்ஸ், அம்முறை வென்றது. அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

ஐந்தாம் இடம் ஸ்பெயின் நாட்டவரான பாவ் கசோலுக்கு. 2008-இல் அணியில் சேர்ந்து, 2009, 2010 பட்டங்களுக்குத் துணை நின்றார். 2010-இல் செல்டிக்ஸ் அணிக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தில் 19 புள்ளிகளும் 18 தெறிபந்துகளும் அவருடையவை. முன்வரிசை ஆட்டக்காரராகவும் அவர் பல ஆட்டங்களில் ஆடியதால், மைய ஆட்டக்காரர் என்ற முறையில் இதற்குமேல் ஏற்ற இயலவில்லை.

நான்காம் இடம் வில்ட் சேம்பர்லினுக்கு. சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், 1962-இல் ஒரே ஆட்டத்தில் அவர் 100 புள்ளிகள் எடுத்தது ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணிக்காக. லேக்கர்ஸ் அணியில் 1968 முதல் 1973 வரை ஐந்து பருவங்கள் ஆடி, நான்கு முறை இறுதிச் சுற்றுக்கு வந்து, ஒரு முறையே பட்டம் வென்றார். அந்த 1971-72 பருவம் பொன்னானது. அணி தொடர்ச்சியாக 33 ஆட்டங்களை வென்றது. புள்ளி வேட்டையில் உலகை வியக்க வைத்தவர், அப்பருவத்தில் ஆட்டத்திற்கு 15 புள்ளிகளுக்கும் குறைவாகவே எடுத்து, தடுப்பாட்டத்திலும் பந்தைக் கைப்பற்றுவதிலும் கருத்தூன்றினார். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு முதற்பட்டம் அவ்வாறே வந்தது.

இனி வழக்கு இரண்டாம் இடத்தைப் பற்றியது. ஷாக்கீல் ஓ'நீலா, ஜார்ஜ் மைக்கனா?

ஓ'நீலின் வலிமையைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்றும் பலர் உளர். 1996 முதல் 2004 வரை ஆடி, 2000, 2001, 2002 என மூன்று பட்டங்களைத் தொடர்ந்து வென்றார். மூன்று இறுதிச் சுற்றுகளிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. 2000 இறுதிச் சுற்றில் ஆட்டத்திற்குச் சராசரியாக 38 புள்ளிகள் எடுத்தார். தண்ட எறிதலில் அவர் தடுமாறுவதை அறிந்த எதிரணியினர் வேண்டுமென்றே அவர்மீது தவறிழைத்து, அவரை எறியவிட்டனர். வேறு எவ்வழியிலும் அவரைத் தடுக்க முடியவில்லை என்பதற்கு அதுவே சான்று.

மைக்கன் ஆடியதோ, ஏரிகள் நிறைந்த மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ் நகரில். 'லேக்கர்ஸ்' என்ற பெயரே அவ்வேரிகளால் வந்தது. அணி லாஸ் ஏஞ்சலிசுக்கு மாறியது 1960-இல்தான். தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்த, ஆறடி பத்தங்குல உயரமுள்ள மைக்கனைக் கொண்டு அணி 1949, 1950, 1952, 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது.

அவருக்கு எதிரான வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1950 வரை என்.பி.ஏ. போட்டிகளில் கறுப்பின ஆட்டக்காரர் எவரும் களமிறங்கவில்லை. தகுதியுடையோர் பலர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட காலத்தின் வெற்றியை முழு வெற்றி எனக் கொள்ளலாமா? நேர்மையான வினா. அதனாலேயே, ஐந்து பட்டங்கள் இருந்தும் மைக்கனை அப்துல்-ஜப்பாருக்கு இணையாக நான் வைக்கவில்லை.

ஆயினும் ஒன்றை நோக்குங்கள். வளையத்தின் முன்னுள்ள பகுதியில் தாக்கும் அணியினர் மூன்று நொடிகளுக்குமேல் நிற்கலாகாது. மைக்கனைக் கட்டுப்படுத்தவே 1951-இல் அப்பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினர். அவருடைய புள்ளிச் சராசரி குறைந்தது. ஆனால், அதன்பின் தொடர்ந்து மூன்று பட்டங்களை அவருடைய அணி வென்றது. வினாத்தாளையே மாற்றிய பிறகும் தேர்ச்சி பெற்ற மாணவர் அவர்! 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி, அவர் கைக்குப் பந்து போகாதிருக்கப் பந்தைப் பிடித்தவாறே காலம் கடத்தி, 19-18 என வென்றது. லேக்கர்ஸ் எடுத்த 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. அத்தகைய இழுத்தடிப்பை ஒழிக்கவே 1954-இல் 24 நொடி விதி வந்தது. வளையத்தின்கீழ் இரு கைகளாலும் மாறி மாறிப் பந்தெறியும் 'மைக்கன் பயிற்சி' இன்றும் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. சிறுவயதில் அப்துல்-ஜப்பார் பழகியதும் அதுவே.

லேக்கர்ஸ் அணி தனக்குரியவை என எண்ணும் 17 பட்டங்களுள் ஐந்து மினியாபோலிஸ் காலத்தவை. பட்டங்களைக் கணக்கில் சேர்த்தவர்கள், அவற்றை ஈட்டித் தந்தவரின் 99-ஆம் எண்ணுக்கு ஓய்வளித்தது 2022-இல்தான். மைக்கனோ 2005 ஜூன் முதல் நாளிலேயே மறைந்திருந்தார். நீரிழிவால் ஒரு காலை இழந்த இறுதி ஆண்டுகளில், தம்மையொத்த பழைய ஆட்டக்காரர்களின் சொற்ப ஓய்வூதியத்தை உயர்த்த வேண்டுமெனப் போராடினார். அவர் மறைந்தபோது, இறுதிச் சடங்கின் செலவை ஏற்க முன்வந்தவர் ஓ'நீல். மைக்கன் இல்லையேல் தாம் இல்லை என்ற பொருள்படவும் அவர் பேசினார்.

எனவே என் வரிசை இதுதான்: அப்துல்-ஜப்பார், மைக்கன், ஓ'நீல், சேம்பர்லின், கசோல். மூன்றாம் இடத்திற்கு ஓ'நீலை இறக்கியதில் அவருக்கு நான் அநீதி இழைத்ததாகக் கருதவில்லை. முன்னோடிக்குரிய மதிப்பை நமக்கு முன்பே அறிந்து காட்டியவர் அவரல்லவா?

மாற்றுக் கருத்துடையோர் தத்தம் அளவுகோலுடன் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.